பழம் கூடாது என்று ஆர் சொன்னது?

எங்கட சனத்தின் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பிறந்தநாள், சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம், எதுவானாலும் சரி. நாற்பது தாண்டின ஆம்பிளையள் இருக்கிற மேசையில் பாதிப்பேருக்குச் சலரோகம். சோற்றுக் கோப்பை இரண்டாம் தரமும் நிரம்பும். ரோல்ஸ் வரும், கொத்துரொட்டி வரும். கடைசியாக வெட்டின பழத்தட்டு வரும்போது மட்டும் கை மேலே எழும்பும்.

"ஐயோ, எனக்குச் சீனி. பழம் கூடாது."

இந்தச் சட்டத்தை ஆர் போட்டது? வீட்டில் கேட்டால் டொக்டர் சொன்னவர் என்பார்கள். டொக்டரைக் கேட்டால், நான் அளவாகச் சாப்பிடச் சொன்னேனே தவிர விடச் சொல்லவில்லை என்பார். எனக்கும் இந்த வருத்தம் வந்து ஏழு வருடமாகிறது. வந்த முதல் கிழமையிலேயே நாலு பேர் ரெலிபோன் எடுத்து, வாழைப்பழத்தைத் தொட்டுவிடாதே என்று சொன்னார்கள். சோற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தடை எங்கேயிருந்து வந்தது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டு வருடம் இருந்ததோடு சரி. 2006 இல் ஏ9 பாதையை மூடினார்கள், என்ர படிப்பும் அதோடு மூடிக்கொண்டது. இப்போது பாரிஸில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிறேன். ஆகவே மருந்தைக் கூட்டிறது குறைக்கிறதெல்லாம் உங்கட டொக்டரோடு பேசுங்கோ. நான் சொல்லப்போவது வரலாறு.

சலரோகக்காரரின் மூத்திரம் இனிக்கும், அதில் எறும்பு மொய்க்கும் என்பது எங்கட பக்கத்து வைத்தியருக்கு ஆதியிலேயே தெரியும். மதுமேகம் என்ற பெயரே அதுதான். ஆனால் அந்த இனிப்பு உண்மையில் சீனிதான் என்று செய்து காட்டியவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து டொக்டர் மத்தியூ டொப்சன். 1776 இல் ஒரு நோயாளியின் மூத்திரத்தை வற்றக் காய்ச்சினார். அடியில் மிஞ்சினது பழுப்புச் சீனி மாதிரி, மணமும் உருசையும் அதே மாதிரி. (ருசி பார்த்திருக்கிறார் மனிசன். அந்தக் காலத்து ஆய்வுகூடம் நாக்குத்தான்.)

சீனி வெளியே போகிறது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, அது எங்கேயிருந்து வருகிறது என்பது. பிரித்தானிய பீரங்கிப் படையில் வைத்தியராக இருந்த ஜோன் ரொலோ, மண்ணில் விளைகிற சாப்பாட்டிலிருந்துதான் வயிற்றுக்குள் சீனி உண்டாகிறது என்று முடிவு கட்டினார். 1797 இல் புத்தகமும் போட்டார். மெரடித் என்ற கப்டன் அவரிடம் நோயாளியாக இருந்தார். அவருக்குக் கொடுத்த சாப்பாட்டைக் கேட்டால் குமட்டும்: இரத்தத்தில் செய்த புடிங், கொழுப்பு, நாள்பட்டுப் பழுதாகப் போகிற இறைச்சி. மரக்கறி, தானியம், பழம் எல்லாம் இயன்றவரை விலக்கு. கப்டன் தேறினார். சீனி வருத்தத்துக்கு ஐரோப்பிய வைத்தியம் எழுதின முதல் பெரிய பத்தியம் இதுதான். பழம் அதில் அப்போதே வெளியே நின்றது.

இனிக் கதை நான் இருக்கிற ஊருக்கு வருகிறது.

1850களில் பியோறி என்று பாரிஸில் பெயர்பெற்ற ஒரு டொக்டர் இருந்தார். நோயாளி சீனியை இழக்கிறான், ஆகவே இழந்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், நல்லாச் சீனி சாப்பிடு என்று சொன்னவர். அதே பாரிஸில் அதற்கு நேர் எதிராக நின்றவர் அப்போலினேர் புஷார்தா. நொத்ர்டாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒத்தல் தியூ ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து, பிறகு மருத்துவ பீடத்தில் பேராசிரியர் ஆனவர். மாவும் சீனியும் குறை, உடம்பை அசைத்து வேலை செய், மூத்திரத்தை நீயே சோதித்துப் பார் என்று நோயாளிகளிடம் சொன்னார். மாச்சத்துக் குறைந்த ஒரு பாணைக்கூடச் செய்வித்தார்.

1870 செப்ரெம்பரில் ஜேர்மன் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்தன. 1871 ஜனவரி கடைசி வரைக்கும் முற்றுகை. பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குதிரை, நாய், பூனை, எலி எல்லாம் சந்தைக்கு வந்தன. மிருகக்காட்சிச்சாலையின் இரண்டு யானைகளையும் வெட்டி இறைச்சிக்கடைக்குக் கொடுத்தார்கள். வுவாசன் என்ற பெரிய ரெஸ்ரோரண்ட் 1870 நத்தாருக்குப் போட்ட சாப்பாட்டுப் பட்டியலில் யானைச் சூப்பும் கங்காரு இறைச்சியும் இருந்தன. காசுள்ளவனுக்கு யானை, இல்லாதவனுக்கு எலி. எங்கட தொழில் எந்த யுத்தத்திலும் ஒரே மாதிரித்தான் நடந்திருக்கிறது.

இந்தப் பசிக்குள்ளே புஷார்தா ஒன்றைக் கவனித்தார். அவருடைய சலரோக நோயாளிகளின் மூத்திரத்தில் சீனி குறைந்தது. சாப்பாட்டின் மொத்த அளவு குறைந்தபோது நோயும் அடங்கியது. கூடக் குறையச் சாப்பிடுவதுதான் விஷயம், குறைவாகச் சாப்பிடு என்பதுதான் அந்த முற்றுகை சொன்ன பாடம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். பின்னால் வந்தவர்களோ அளவை விட்டுவிட்டு, எது கூடும் எது கூடாது என்ற பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பட்டியலைக் கடைசி எல்லைவரை கொண்டு போனது அமெரிக்கா. நியூயோர்க்கில் பிரெடரிக் அலன் 1914 அளவிலிருந்து பட்டினி வைத்தியம் செய்தார். மூத்திரத்தில் சீனி நிற்கும் வரைக்கும் பட்டினி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. மரக்கறியைக்கூட மூன்று தரம் அவித்து, ஒவ்வொரு தரமும் தண்ணீரை ஊற்றிவிட்டு, சக்கையைத்தான் கொடுத்தார்கள். மந்திரியொருவரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அவரிடம் இருந்த பிள்ளை. 1922 இல் பதினைந்து வயதை எட்டும்போது அவளின் நிறை 20 கிலோ. கொடுமை என்று திட்டலாம்தான். ஆனால் அந்தப் பட்டினி இல்லாவிட்டால் அவள் இன்சுலின் வரும் வரைக்கும் இருந்திருக்கவே மாட்டாள். இருந்தாள். ரொறொன்ரோவுக்குப் போய் ஊசி போட்டாள். 1981 வரைக்கும் வாழ்ந்தாள்.

அதே காலத்தில் பொஸ்ரன் நகரில் எலியட் ஜொஸ்லின் நோயாளிகளுக்கென்றே கைநூல் எழுதினார். மரக்கறிகளையும் பழங்களையும் மாச்சத்து நூற்றுக்கு 5, 10, 15, 20 என்று நிரல் பிரித்து அடுக்கினார். தோடம்பழம் பத்தில், அப்பிள் பதினைந்தில், வாழைப்பழம் கடைசி நிரலில் இருபதில். இன்சுலின் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு. ஒரு வாழைப்பழம் என்பது அந்த நாளுக்குரிய பங்கில் பெரிய பகுதி. அன்றைய டொக்டர்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களின் கையில் இருந்த ஒரே மருந்து, வேண்டாம் என்ற சொல்தான்.

1922 ஜனவரி 11. ரொறொன்ரோ பொது ஆஸ்பத்திரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பெடியனுக்கு முதல் இன்சுலின் ஊசி. முதல் மருந்து சுத்தமில்லாமல் சரிவரவில்லை. ஜனவரி 23 இல் திரும்பப் போட்டபோது சீனி இறங்கியது. அன்றோடு அந்த வேண்டாம் பட்டியலின் அவசரம் முடிந்துவிட்டது. பட்டியல் மட்டும் முடியவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் நிற்கிற சென்றிப் பொயின்ற் மாதிரி, காவல் காக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அது நின்றது. கடல் தாண்டி, வைத்தியம் படித்தவர்களின் வாயால் எங்கட ஊர்களுக்கும் வந்தது. வரும் வழியில் நூற்றுவீதக் கணக்கு உதிர்ந்து போய், பழம் கூடாது என்ற ஒரு வரிதான் மிஞ்சியது.

இதை உடைக்கிற மாதிரி வந்த முதல் ஆள் எங்களைப் போல ஓடிவந்தவர். வோல்ற்றர் கெம்ப்னர், பேர்லினில் பிறந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. ஹிட்லர் வந்த பிறகு ஜேர்மனியை விட்டு வெளிக்கிட்டு 1934 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1939 இலிருந்து கடும் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக வருத்தத்துக்கும் அவர் கொடுத்த பத்தியம் சோறும் பழமும் பழச்சாறும் சீனியும். உப்பு இல்லை, கொழுப்பு இல்லை. சீனி வருத்தக்காரர் இதைச் சாப்பிட்டால் செத்துப் போவார்கள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். 1958 இல் அப்படிப்பட்ட 100 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். கனபேருக்கு இரத்தத்தில் சீனி ஏறவில்லை, குறைந்திருந்தது. இன்சுலின் தேவையும் பலருக்குக் குறைந்தது. இதைப் பிடித்துக்கொண்டு சோறும் சீனியும் சாப்பிடலாம் என்று ஒருவரும் துள்ள வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, சனம் மெலிந்தும் போனது, அந்தச் சாப்பாட்டை வீட்டில் ஒரு மாதம் சாப்பிட ஆராலும் ஏலாது. ஆனால் பழத்தில் உள்ள இனிப்பு நேரே போய் ஆளைக் கொல்லும் என்ற பயத்துக்கு அது ஒரு பதில்.

அடுத்தது ஆபிரிக்காவிலிருந்து. ஹியூ ட்ரோவல் என்ற ஆங்கில டொக்டர் கென்யாவிலும் உகண்டாவிலும் முப்பது வருடமளவில் வேலை செய்தவர். அந்தச் சனத்திடம் சலரோகம் அரிதாக இருந்ததைக் கண்டார். அவர்கள் சாப்பிட்டதோ மாச்சத்து நிறைந்த சாப்பாடு, உகண்டாவில் அவித்த வாழைக்காய். ஆனால் தீட்டாத, நார் எடுபடாத சாப்பாடு. 1970களில் அவரும் டெனிஸ் பேர்கிற்றும் நார்ச்சத்து என்ற விஷயத்தை உலகத்துக்குச் சொன்னார்கள். சென்னையில் 1948 இல் ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய டொக்டர் விஸ்வநாதனும், பிற்காலத்தில் நார் கூடின மாச்சத்துச் சாப்பாட்டைத்தான் தன் நோயாளிகளுக்குச் சொன்னார். சோறு தின்கிற சனத்துக்கு இறைச்சிப் பத்தியம் எழுதிப் பிரயோசனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நார் என்றால் என்ன செய்யும்? இதைக் காட்டின பரிசோதனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, ஏனென்றால் அது குசினியில் செய்யக்கூடிய பரிசோதனை. 1977 இல் பிரிஸ்டல் நகரில் கென் ஹீற்றன் என்ற டொக்டரும் கூட்டாளிகளும் பத்துப் பேரைப் பிடித்தார்கள். சலரோகம் இல்லாத ஆட்கள். ஒரு நாள் முழு அப்பிள், ஒரு நாள் மசித்த அப்பிள், ஒரு நாள் அப்பிள் சாறு. மூன்றிலும் ஒரே அளவு, 60 கிராம் மாச்சத்து. அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ அப்பிள்.

முதல் வித்தியாசம் வாயிலேயே தெரிந்தது. முழு அப்பிளைக் கடித்துத் தின்ன எடுத்த நேரத்தில் சாற்றைப் பதினொரு தரம் குடித்து முடிக்கலாம். மசித்ததைவிடச் சாறு நாலு மடங்கு வேகம். அடுத்தது வயிறு. முழுப் பழம் நல்லா நிரப்பியது, மசித்தது அதைவிடக் குறைவு, சாறு எல்லாவற்றிலும் குறைவு. மூன்றாவதுதான் முக்கியம். இரத்தச் சீனி மூன்றிலும் ஒரே அளவு உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடச் சுரந்தது, பிறகு சீனி திடீரென்று கீழே விழுந்தது. முழுப் பழம் தின்றவர்களுக்கு அந்த விழுகை இல்லை. அதே பழம், அதே சீனி. சதையிக்கு மட்டும் வேலை வேறு.

1981 இல் அதே ஆட்கள் தோடம்பழத்திலும் முந்திரிகைப்பழத்திலும் செய்து பார்த்தார்கள். தோடம்பழம் அப்பிள் மாதிரியே நடந்தது. முந்திரிகைப்பழம் மாறி நடந்தது, முழுப் பழத்துக்குத்தான் இன்சுலின் கூட. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். இந்த நேர்மைக்காகவே அவர்களை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

எங்கட ரெஸ்ரோரண்டில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ் சாறுக்கு மூன்று, நாலு தோடம்பழம் பிழிவோம். சக்கை முழுக்கக் குப்பை வாளிக்குள். ஒரே இருப்பில் நாலு தோடம்பழம் உரித்துத் தின்கிற ஆளை நான் கண்டதில்லை. நாலு பழத்தின் சாற்றை நின்ற நிலையில் குடித்துவிட்டுப் போகிறவர்களை ஒவ்வொரு நாளும் காண்கிறேன். எங்களோடு வேலை செய்கிற ஒரு அண்ணை, எனக்கு முதலே சீனி வந்தவர், பழம் தொடமாட்டார். ஆனால் இரவு வேலை முடிய பெட்டியிலிருந்து ஒரு பெரிய கிளாஸ் யூஸ். "இது நச்சுரல் தானே தம்பி" என்பார்.

1981 இல் இன்னொன்றும் நடந்தது. ரொறொன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற பேராசிரியர் 62 உணவுகளை ஆட்களுக்குக் கொடுத்து, ஒவ்வொன்றும் இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளந்தார். குளுக்கோஸ் 100 என்று வைத்துக்கொண்டால், அந்த முதல் அட்டவணையில் அப்பிள் 39, தோடம்பழம் 40, வாழைப்பழம் 62. வெள்ளைப் பாண் 69. வெள்ளைச் சோறு 72. எங்கட மேசையில் கை எழும்ப வேண்டிய இடம் எது என்று இப்போது சொல்லுங்கோ. அந்த அட்டவணையிலும் பிழை இருந்தது, கரட்டுக்கு 92 என்று வந்தது. அதைப் பார்த்துக் கரட்டை விட்ட சனமும் உண்டு. பிறகு அளந்தபோது மிகக் குறைவாகத்தான் வந்தது. அரிசிக்கும் வகைக்கு வகை மாறும். இலக்கத்தை வேதமாக எடுக்கக்கூடாது.

இலக்கத்தைவிட அளவுதான் பெரிசு. நடுத்தர அப்பிள் ஒன்றில் மாச்சத்து 20 கிராம் அளவில், வாழைப்பழம் ஒன்றில் 27 அளவில். எங்கட ஆட்கள் போடுகிற மாதிரி 400 கிராம் சோறு போட்டால் 100 கிராமுக்கு மேல். இதற்கு விஞ்ஞான பீடம் தேவையில்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.

அப்பாவுக்கும் இந்த வருத்தம் இருந்தது. எங்கட முற்றத்தில் கறுத்தக்கொழும்பான் மரம். கடைசிப் பத்து வருடம் அவர் அதில் ஒரு துண்டுகூடத் தொடவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லுவா. காலையில் புட்டு, மத்தியானம் சோறு, இரவு இடியப்பம், அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. கால் புண்ணில் தொடங்கிச் சிறுநீரகத்தில் முடிந்தது. அவர் போனபோது என்னிடம் பயணப் பத்திரம் இல்லை. அந்த மாம்பழம் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடமாகத் தன் ஆசையை அடக்கி அவர் கொடுத்த விலைக்கு அவருக்கு ஒன்றும் திருப்பிக் கிடைக்கவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

2013 இல் அமெரிக்காவில் 1,87,382 தாதிமாரையும் மருத்துவத் துறை ஆட்களையும் நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த கணக்கு வெளிவந்தது. அவர்களில் 12,198 பேருக்குச் சலரோகம் வந்தது. கிழமைக்கு மூன்று தரம் கூடப் புளூபெரி சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 26 வீதம் குறைவு, முந்திரிகைப்பழத்துக்கு 12, அப்பிளுக்கு 7, வாழைப்பழத்துக்குக்கூட 5 வீதம் குறைவு. சாற்றுக்கு 8 வீதம் கூட. பழம் தின்கிறவன் மற்றப்படியும் ஒழுங்காக இருப்பவனாக இருக்கலாம், இது பார்த்த கணக்கே தவிரச் செய்த கணக்கு இல்லை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

செய்த கணக்கு அதே வருடம் டென்மார்க்கிலிருந்து வந்தது. புதிதாகச் சலரோகம் வந்த 63 பேர். பாதிப்பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பழத்துக்குக் குறையாமல் சாப்பிடு, மற்றவர்களுக்கு இரண்டுக்கு மேல் போகாதே. 12 கிழமை கழித்து மூன்று மாதச் சீனியின் சராசரியைப் பார்த்தால் இரண்டு பக்கமும் குறைந்திருந்தது, வித்தியாசம் இல்லை. நிறையிலும் இடுப்பளவிலும் அதே கதை. பழத்தை மட்டுப்படுத்தி ஒரு ஆதாயமும் வரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் நேரடியாக இந்தக் கேள்வியையே கேட்ட ஆய்வு.

2017 இல் சீனாவில் ஐந்து இலட்சம் பேரின் கணக்கு. ஏற்கெனவே சலரோகம் இருந்து, கிழமைக்கு மூன்று நாளுக்கு மேல் பழம் தின்றவர்களிடம் சாவு 17 வீதம் குறைவு. அதைவிட என்னை நிறுத்தினது வேறு ஒரு இலக்கம். சலரோகம் இல்லாதவர்களில் பழமே தின்னாதவர்கள் 6 வீதம். சலரோகம் என்று டொக்டர் சொன்னவர்களில் 18.9 வீதம். ஆக அங்கேயும் மேசையில் அதே கை எழும்புகிறது.

கையைக் கட்டிப்போட வேண்டிய இடங்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஒரு பழம் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கிற பழம். கறுத்தக்கொழும்பான் முழுதாக ஒன்று அந்தக் கணக்கில் வராது. சதை 300 கிராம் இருந்தால் 45 கிராம் மாச்சத்து. பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை தண்ணீர் வற்றினவை, இரண்டு மூன்றுக்கு மேல் போகக்கூடாது. சோறு தின்ற கையோடு மேலதிகமாகப் பழம் தின்றால் அது சோற்றோடு கூட்டல்தான். சோற்றில் இரண்டு அகப்பை குறைத்துவிட்டுத் தின்றால் வேறு கதை. நான் பின்னேர வேலைக்கு முதல் ஒரு அப்பிளோ கொய்யாவோ தோலோடு தின்கிறேன். தின்றபின் இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்க்கிறேன். உங்கட உடம்புக்கு எந்தப் பழம் எவ்வளவு ஏற்றுகிறது என்பதை உங்கட மெசின்தான் சொல்லும், நான் இல்லை.

இன்சுலினோ சில வகைக் குளிசையோ எடுக்கிறவர்களுக்குச் சீனி திடீரென்று இறங்கி நடுங்கும்போது மட்டும் பழத்தை மென்றுகொண்டு இருக்க வேண்டாம். அப்போது சாறுதான் மருந்து, அரைக் கிளாஸ், உடனே. வேகமாக ஏறுகிறது என்று நான் இவ்வளவு நேரம் திட்டின அதே குணம்தான் அங்கே ஆளைக் காப்பாற்றும். சிறுநீரகம் பழுதானவர்கள் வாழைப்பழம், தோடம்பழத்தை டொக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், அதில் உள்ள பொற்றாசியம் அவர்களுக்கு ஆபத்து. விளிம்பிக்காய் மாதிரிப் புளிச்சதுகளையும் கேட்டுத்தான் எடுக்கவேண்டும், நட்சத்திரப்பழம் என்று இங்கே கடையில் விற்கிறதை அறவே தொடக்கூடாது. அப்பாவின் கடைசிக் காலத்தில் டொக்டர் பழத்தை நிற்பாட்டினது சரியாகத்தான் இருந்திருக்கும். அதற்கு முந்தின பத்து வருடத்தைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.